பாடத்துக்குப் படித்தவையும் ஆசைக்குப் படித்தவையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற மாதம் எமது காரியதரிசி ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்து, "இவ்வாண்டு விழாவில் நீர் பேசவேண்டும்" என்றார். எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டோம். "பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டாய் ஏதோ படிக்கிறீரே, அதைத்தான் சொல்லுமேன். பேச்சை எழுதித் தந்தால் மலருக்கும் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எளிய காரியமாகத்தான் தோன்றியது. ஆனால் இந்த ஓராண்டிலே நாம் படித்த புத்தகங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதத் தொடங்கியபோது சங்கடம் புரிந்தது. தாளின் ஒரு பக்கத்தில் பரீட்சைக்காகப் படித்தவை. மறுபக்கத்தில் ஆசைக்காகப் படித்தவை. முதற் பட்டியலைப் பெரியோர் முன்னிலையில் தைரியமாக வாசிக்கலாம். இரண்டாவதை வாசித்தால், "இதற்காகவா உன்னை அனுப்பினோம்?" என்று கேட்பீர்கள். ஆயினும் இரண்டையும் மறையாது சொல்வதென்றே துணிந்து வந்திருக்கிறோம். குற்றங் காணின் சிறியோர் பிழையெனப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

விடுமுறையில் ஊருக்கு வந்தால், பேருந்திலிருந்து இறங்கியவுடன் எதிர்ப்படுகிற முதற் பெரியவர் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, இப்போது என்ன படிக்கிறாய்?" தமிழ் படிக்கிறோம் என்று சொன்னால் அவர் முகம் சிறிது வாடும். "தமிழா? தமிழ் நமக்குத் தெரிந்ததுதானே" என்பார். அவர் கேட்டது என்ன உத்தியோகம் கிடைக்கும் என்பதை. நாம் சொன்னது என்ன புத்தகம் கையில் இருக்கிறது என்பதை. அவர்மீது குறையில்லை. வெங்காயமும் மிளகாயும் நட்டு, மணலிலே கிணறு வெட்டி, வாளி வாளியாய் நீரிறைத்துப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. ஆனால் அதே கேள்வியை வேறொரு பெரியவர் வேறொரு இளைஞரிடம் கேட்ட கதையை இவ்வாண்டு படித்தோம். அதைச் சொல்லி எமது பேச்சைத் தொடங்க அனுமதியுங்கள்.

உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல் 'என் சரித்திரம்'. அது 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனிலே தொடராக வந்தது. எமக்கு அது பாடப்புத்தகம். 1880ஆம் ஆண்டு, ஐயரவர்களுக்கு வயது இருபத்தைந்து. கும்பகோணம் கல்லூரியிலே தமிழாசிரியராக அமர்ந்திருக்கிறார். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணப் போகிறார். முதலியார் கேட்கிறார்: தமிழிலே என்ன என்ன படித்திருக்கிறீர்கள்? ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர். அந்தாதி, உலா, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று தாம் கற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். முதலியாருக்குச் சிறிதும் வியப்பில்லை. இவற்றுக்கு முந்திய நூல்களைப் படித்ததுண்டா? சீவக சிந்தாமணி படித்ததுண்டா? சிலப்பதிகாரம்? மணிமேகலை? இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிற்பாடு முதலியாரே சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

ஐயரோ பழுத்த சைவர். சிந்தாமணியோ சமண காவியம். எத்தனை முறை படித்தும் சமயக் கருத்துக்கள் புலப்படவில்லை. அவர் என்ன செய்தார்? கும்பகோணத்திலிருந்த சமணர் வீடுகளைத் தேடிப் போய், அவர்களிடம் பணிவாகக் கேட்டுக் கற்றார். ஏழாண்டு உழைப்பின் பின் 1887இல் சிந்தாமணி அச்சேறியது. அதன்பின் 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஒரு பெரியவர் "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்ட ஒரு கேள்வி தமிழுக்கு இத்தனையும் தந்தது. ஆகவே, எம்மைக் கண்டவுடன் அக்கேள்வியைக் கேட்கும் ஊர்ப் பெரியோரே, தயவுசெய்து கேட்டுக்கொண்டேயிருங்கள். ஆனால் பதிலைச் சற்றுப் பொறுமையோடு கேளுங்கள் என்பதே எம் விண்ணப்பம்.

இனி, பாடத்துக்குப் படித்தவற்றில் எம்மை வெட்கப்பட வைத்த ஒன்றைச் சொல்கிறோம்.

வகுப்பிலே எமது விரிவுரையாளர் ஒருநாள், தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் தொகுத்த முன்னோடி நூல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார். 'தமிழ் புளூட்டாக்' என்று ஒரு பெயர் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சாகியது, ஏறத்தாழ 200 புலவர்களின் வரலாறு கூறுவது, ஆசிரியர் சைமன் காசிச்செட்டி. புளூட்டாக் என்பவர் கிரேக்கர். ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன், கிரேக்கப் பெரியார் ஒருவரையும் உரோமப் பெரியார் ஒருவரையும் இணைகூட்டி வாழ்க்கை வரலாறுகள் எழுதியவர். ஷேக்ஸ்பியர் தம் யூலியஸ் சீசர் நாடகத்துக்குக் கதைப்பொருள் எடுத்ததும் அவர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்துதான். கிரேக்கருக்கு ஒரு புளூட்டாக் இருந்ததுபோலத் தமிழருக்கும் ஒருவர் வேண்டுமென்று நினைத்தே காசிச்செட்டி தம் நூலுக்கு அப்பெயரிட்டார். இவ்வளவையும் நாம் கொப்பியில் எழுதிக்கொண்டோம். விரிவுரையாளர் அடுத்த வசனத்தைச் சொன்னார்: "இவர் 1807இல் கற்பிட்டியில் பிறந்தவர்."

எமது பேனை நின்றுவிட்டது. கற்பிட்டியா? எமது சந்தியில் பேருந்து ஏறினால் ஒரு மணிக்குள் போய்ச் சேருகிற கற்பிட்டியா? ஒல்லாந்தர் கோட்டையைப் பார்க்கப் பாடசாலைச் சுற்றுலாவில் எம்மைக் கூட்டிப்போன கற்பிட்டியா? பக்கத்திலிருந்த சக மாணவர் ஒருவர் எம்மைத் திரும்பிப் பார்த்து, "உங்கள் பக்கத்து ஆள்தானே! உமக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது. பதின்மூன்று ஆண்டு பாடசாலையிலே படித்தும் தெரியாது. பல்கலைக்கழகத்தில் எமது ஊர்ப் பெயரைச் சொன்னால், "அனல்மின் நிலையம் இருக்கிற ஊரா?" என்றே எல்லோரும் கேட்பார்கள். 2011இல் அதன் முதற் பகுதியும், 2014இல் ஏனைய இரண்டும் இயங்கத் தொடங்கி, 900 மெகாவாட் மின்சாரம் பிறப்பிக்கும் நிலையமாயிற்று. இந்த நாட்டிலே எத்தனையோ வீடுகளில் எரியும் விளக்குக்கு எமது கரையிலிருந்து மின்சாரம் போகிறது. அது பெருமைதான். ஆனால் நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இக்குடாநாட்டிலிருந்து வேறொரு வெளிச்சமும் போயிருக்கிறது என்பதைப் பிறர் சொல்லி நாம் அறியவேண்டியதாயிற்று.

அன்றிரவே அவரைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். இளமையிலேயே அரசாங்கச் சேவையிற் சேர்ந்து முதலியாரானவர். 1834இல் இலங்கையின் மாவட்டங்கள், பட்டினங்கள், முக்கிய கிராமங்கள், துறைமுகங்கள், ஆறுகள் ஆகியவற்றை அகர வரிசையில் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை வெளியிட்டார். நண்பர்களே, கணக்குப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. இச்சங்கத்தில் அந்த வயதினர் எத்தனை பேர் இருக்கிறோம்! புகைவண்டியில்லை, தொலைபேசியில்லை, தட்டச்சுமில்லை. 1838இல் சட்டநிரூபண சபையில் அங்கத்தவரானார். பின்னர் சிலாபத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். இவ்வளவு உத்தியோகத்துக்கும் நடுவில் புலவர் வரலாறுகளைச் சேர்த்துக்கொண்டேயிருந்தார். புத்தகம் வெளிவந்த மறு ஆண்டு, 1860இல் காலமானார்.

அவர் நூலில் குறையில்லை என்று சொல்ல வரவில்லை. செவிவழிக் கதைகளையும் சரித்திரத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறார். இக்கால ஆராய்ச்சியாளர் ஒப்பாத கால நிர்ணயங்கள் உண்டு. பரீட்சையிலே இவற்றை நாமும் குறையென்று எழுதிப் புள்ளி பெற்றோம். ஆனால் அவர் எழுதிவைத்திராவிட்டால் பின்வந்தவர் திருத்துவதற்கும் ஒன்றும் இருந்திராது. அவர் நூலைத் தழுவியும் விரித்தும் 1886இல் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை தமிழிலே 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதினார். ஒருவர் முதலில் எழுதினால்தான் மற்றவர் அதைத் திருத்தி எழுதமுடியும். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. காசிச்செட்டி கிறிஸ்தவர். சைவரும் வைணவரும் சமணருமாகிய புலவர்களையெல்லாம் வேறுபாடின்றித் தம் நூலிலே கூட்டிவைத்தார். அவர் கணக்கில் அவர்களெல்லாம் தமிழ்ப் புலவர்கள்; அது போதுமானதாயிருந்தது.

இவ்விடத்திலே, எம்மைப் பற்றிச் சில பெரியோர் மனத்திலிருக்கும் ஒரு சந்தேகத்தையும் பேசிவிடுவது நல்லது. மிஷனரிமார் தொடங்கிய பாடசாலையொன்றிலே விடுதி மாணவனாய்ப் படித்தவனை இந்து வாலிபர் கூட்டத்திலே பேச அழைக்கலாமா என்று ஒருவர் கேட்டதாக அறிந்தோம். அவர் பகைமையாற் கேட்கவில்லை, அக்கறையாற் கேட்டார். அதற்கு எம் சொந்தப் பதிலைவிடச் சரித்திரத்தின் பதிலே மேலானது.

ஆறுமுக நாவலர் எங்கே படித்தார்? யாழ்ப்பாணத்து வெசுலியன் மிஷன் பாடசாலையிலே. அங்கேயே ஆசிரியராயும் இருந்தார். பேர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக விவிலியத்தைத் தமிழிலே பெயர்க்கும் பணியிலும் உழைத்தார். அதே நாவலர்தான் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், அச்சியந்திரம் வாங்கினார், 1852இல் பெரிய புராணத்தை எல்லோரும் படிக்கத்தக்க வசன நடையில் வெளியிட்டார். சி. வை. தாமோதரம்பிள்ளை எங்கே படித்தார்? அமெரிக்க மிஷனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே. சென்னைச் சர்வகலாசாலை முதன்முதல் பட்டமளித்த இருவரில் ஒருவர் அவர். அவர்தான் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். பிறர் பாடசாலையில் வாசிக்கக் கற்றவர்கள், அக்கல்வியைக்கொண்டு தம் முதுசொத்தைக் காத்தார்கள். எமக்கு அவ்வளவு தகுதியில்லை. ஆனால் எம் விடுதிப் பாடசாலையின் சிறிய புத்தக அலுமாரிக்கும், சனிக்கிழமை தோறும் அதைத் திறந்துவிட்டு, "எதை வேண்டுமானாலும் எடு; கிழிக்காமல் கொண்டுவா" என்று சொன்ன ஆசிரியருக்கும் நாம் என்றும் நன்றியுடையோம். நெற்றியில் திருநீற்றோடுதான் அந்த அலுமாரியின் முன் நின்றோம். ஒருவரும் அதை அழிக்கச் சொல்லவில்லை.

இனி, தாளின் மறுபக்கத்துக்கு வருவோம். ஆசைக்குப் படித்தவை.

கதைப் புத்தகம் படிப்பது காலத்தைக் கெடுப்பது என்பது பலருடைய அபிப்பிராயம். எம் தந்தையாரும் அப்படியே சொல்வார். ஆனால் எமது பெரியோரே ஆண்டுதோறும் என்ன செய்கிறார்கள்? கோயிலிலே கந்தபுராணம் படிக்கிறபோது ஒருவர் பாட்டை இசையோடு வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்ல, ஊரே இருந்து கேட்பதில்லையா? உடப்பிலே திரௌபதி அம்மன் கோயில் தீமிதி விழாவுக்குப் போகிற நாங்கள் பாரதக் கதை கேளாமல் வருவதுண்டா? சூரபன்மன் விழும்போது கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவதையும், பாஞ்சாலி சபையில் நிற்கும்போது பெண்கள் கண்ணைத் துடைப்பதையும் சிறு வயதிலே பார்த்தோம். அது பாடமா, ஆசையா? அவர்கள் இரண்டாகப் பிரிக்கவில்லை. பிரித்தது பரீட்சைதான்.

இவ்வாண்டு, தமிழிலே முதலில் தோன்றிய நாவல்களைத் தேடித் தேடிப் படித்தோம். வகுப்பிலே அவற்றின் பெயரும் ஆண்டும் தெரிந்தாற் போதும், படிக்கவேண்டிய கட்டாயமில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வந்தது. சிரித்துச் சிரித்து வயிறு நோகும். கதாநாயகனைவிட அவன் மனைவி ஞானாம்பாளே கெட்டிக்காரி. ஆண் வேடம் பூண்டு ஓர் இராச்சியத்தையே ஆளுகிறாள். அடுத்தது 1885இல், எமது நாட்டிலேயே எழுதப்பட்ட 'அசன்பேயுடைய கதை'. எழுதியவர் கண்டியில் வாழ்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை. 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர். எகிப்திலே பிறந்த பிள்ளையொன்று களவுபோய் இந்தியாவிலே வளர்கிற கதை. மூன்றாவது 1895இல் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி'. நாயக்க மன்னர் காலத்தை வைத்துத் தமிழிலே எழுந்த முதல் சரித்திர நாவல் அது.

மூன்றையும் மேசையிலே அடுக்கிவைத்தபோது ஒன்று தோன்றியது. முதலாவதை எழுதியவர் கத்தோலிக்கர். இரண்டாவதை எழுதியவர் முஸ்லிம். மூன்றாவதை எழுதியவர் இந்து. எமது தெருவைப் பாருங்கள். காலையிலே கேட்பது பள்ளிவாசல் பாங்கு. ஆவணியிலே தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிற வாகனங்கள் எமது வீதியால்தான் போகும். எங்கள் கோயில் மணியும் அந்தக் காற்றிலேதான் கலக்கிறது. தமிழ் நாவலின் பிறப்பும் எமது தெருவின் பிறப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

இது இன்று நேற்று வந்ததுமன்று. இபுனு பதூதா என்ற மொறொக்கோ தேசத்துப் பயணி 1344இல் மாலைதீவிலிருந்து கப்பலேறி, காற்று அடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்த கரை எது தெரியுமா? எமது புத்தளப் பக்கம்தான். கரையிலே கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை எழுதுகிறார். ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். அவனுக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது. பாவாத மலையைத் தரிசிக்கவேண்டும் என்று பயணி கேட்டபோது, அரசன் பல்லக்கும் கொடுத்து, வழித்துணையாக நான்கு யோகிகளையும் மூன்று பிராமணரையும் வேறு பலரையும் அனுப்பினான். முஸ்லிம் பயணியை இந்து யோகிகள் மலைக்கு அழைத்துச் சென்ற பாதை எமது பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அப்பிரயாண நூலை ஆசைக்காகத்தான் படித்தோம். ஆனால் எந்தப் பாடப்புத்தகமும் எமக்கு எமது ஊரை இவ்வளவு பெரிதாகக் காட்டியதில்லை.

பெரியோர்களே, இதுவரை சொன்னவை படித்த கதைகள். இனி ஒன்று, எம் வீட்டுக் கதை. அதைச் சொல்லாமல் இறங்கிவிடலாமென்று நினைத்தோம், மனம் ஒப்பவில்லை.

சென்ற விடுமுறையில் பாட்டியாருக்குக் கண் மங்கிவிட்டதால் இரவிலே அவருக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வாசித்துக் காட்டினோம். கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு வலித்து வந்தியத்தேவனை இலங்கைக்குக் கொண்டுவரும் இடம் வந்தது. படகிலே அவள் பாடுவதை வாசித்தபோது பாட்டியார் சிரித்தார். "உன் பாட்டனார் பாடாத பாட்டா! கரைவலை இழுக்கையில் அவர் அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுத்தால் கயிறு தானாய் வருமென்பார்கள். பிள்ளைகளுக்கு உதவுமென்று ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தாரே. அதை எடுத்து வாசியேன்" என்றார்.

அந்தக் கொப்பி எங்கே இருக்கிறதென்று பாட்டியாருக்குத் தெரியாது. எமக்குத் தெரியும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்தபோது, வினாத்தாள்களை வைக்க இடம் வேண்டுமென்று பழைய தகரப் பெட்டியை ஒழித்தோம். உள்ளே செல்லரித்த கொப்பிகள் இருந்தன. கோணல் எழுத்து, பிழையான எழுத்து. நாமோ விடுதியிலே ஆங்கிலக் கதைகள் படித்து வந்தவர்கள்! திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய கடதாசி வாங்க வந்தவரிடம் நிறுத்துக் கொடுத்தோம். கிடைத்த காசோடு இன்னுஞ் சிறிது சேர்த்து, பரீட்சைக்கு வினாவிடைப் புத்தகம் ஒன்று வாங்கினோம். தமிழ்ப் பாடத்தில் அதிவிசேட சித்தி கிடைத்தது. வீட்டிலே பாற்சோறு பொங்கினார்கள்.

தாமோதரம்பிள்ளை பழைய ஏடுகள் தொட்ட இடமெல்லாம் உதிர்ந்து போவதைக் கண்டு மனமுருகி எழுதியதை வகுப்பிலே படித்தபோது, கடிந்துகொள்ளத்தக்க அந்தக் கவலையற்றவர்கள் யாரோ அக்காலத்தவர் என்று எண்ணியிருந்தோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலானதைப் படித்தபோது, எரித்தவர்மேல் கோபம் வந்தது. நியாயமான கோபம். ஆனால் எம் பாட்டனாரின் கொப்பியை எவரும் எரிக்கவில்லை. எந்தப் பாதிரியாரும் பறிக்கவில்லை. எந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் திருடவில்லை. படித்த பிள்ளையென்று பெயரெடுத்த நாமே தராசிலே ஏற்றினோம். ஏதோ ஒரு கடையிலே கச்சான் சுற்றிக் கொடுத்து, அது முடிந்து போயிருக்கும்.

அன்றிரவு பாட்டியாரிடம் உண்மையைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "எனக்கு நாலு பாட்டு ஞாபகமிருக்கிறது. எழுதிக்கொள்கிறாயா?" என்றார். விளக்கைக் கிட்ட வைத்துக்கொண்டு எழுதினோம். நான்காவது பாட்டிலே ஓரடி அவருக்கு வரவில்லை. அந்த அடிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

நண்பர்களே, இவ்வாண்டு படித்தவற்றால் நாம் கண்டது இவ்வளவே. வகுப்புக்காகப் படித்தவை, ஒரு சமூகம் தன் சொற்களை எப்படிக் காத்தது என்று சொல்லித் தந்தன. ஆசைக்காகப் படித்தவை, காக்கவேண்டியது எம் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது என்று காட்டின. ஒன்றை மாத்திரம் படித்திருந்தால் புள்ளி கிடைத்திருக்கும், புத்தி வந்திராது. ஆகவே, தாளின் இரு பக்கமும் ஒரே தாள்தான் என்பது எமது துணிபு.

வெறும் மனவருத்தத்தோடு பேச்சை முடிப்பது வாலிபருக்கு அழகன்று. சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, சங்கத்துக்குத் தடித்த கொப்பி ஒன்று வாங்குவோம். ஞாயிறு தோறும் மாலையில் இரண்டு பேர் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போகட்டும். அம்பாப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, விடுகதை, வலையின் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள பெயர், வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்று ஒவ்வொன்றும் வரும் காலமும் அறிகுறியும், மின்நிலையம் வருமுன் கரை இருந்த இருப்பு, கிணற்று நீரின் அன்றைய சுவை: சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும். இலக்கணப் பிழையைத் திருத்த வேண்டாம். கைபேசியிலே குரலையும் பதிந்து வைக்கலாம். காசிச்செட்டி தனியொருவராக இந்தத் தீவு முழுவதையும் எழுதினார். நாம் இத்தனை பேர் சேர்ந்து ஓர் ஊரை எழுத முடியாதா?

இரண்டாவது, இந்துக்கள் வீட்டோடு நின்றுவிட வேண்டாம். சாமிநாதையர் சமணர் வீட்டுத் திண்ணையிலே போய் அமர்ந்ததை நினைவிற்கொள்வோம். எமது கத்தோலிக்க அயலவரிடமும் முஸ்லிம் அயலவரிடமும் கேட்போம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கையில் ஒன்றுமின்றி இப்பக்கம் வந்து சேர்ந்த முஸ்லிம் மக்கள் பலர் எம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களில் முதியோர் தாம் விட்டுவந்த ஊரை மனத்திலே மாத்திரம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதும் எமது கொப்பியில் ஏறவேண்டும்.

மூன்றாவது, ஒரு புத்தக அலுமாரி. பெரிய நூலகம் கட்டப் பணமில்லை. ஓர் அலுமாரிக்கு உண்டு. ஒரு தட்டிலே பரீட்சைப் புத்தகம், ஒரு தட்டிலே கதைப் புத்தகம், ஒரு தட்டிலே சமய நூல். பூட்டு வேண்டாம். 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கானவற்றை எவரும் காசில்லாமற் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. அதை எப்படித் தேடுவதென்று சிறுவர்களுக்கு நாம் காட்டிக்கொடுப்போம். எமது கொப்பி நிறைந்தபின் அதன் படியும் அங்கே போகட்டும். பூட்டிய பெட்டியிலே ஒரே பிரதியாய் இருப்பது எவ்வளவு ஆபத்தானதென்பதை எம்மைவிட அறிந்தவர் இவ்வவையில் இல்லை.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை கையில் கதைப் புத்தகத்தைக் கண்டால் பறியாதீர்கள். "என்ன படிக்கிறாய்? எனக்கும் கொஞ்சம் வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். எம் பாட்டியார் அப்படிக் கேட்டதனால்தான் நான்கு பாட்டாவது மிஞ்சியது.

இறுதியாக, இம்மண்டபத்தின் முன் வரிசையில் ஒரு பெரியவர் அமர்ந்திருக்கிறார். எம் பாட்டனாரோடு ஒரே வலையிலே கயிறு பிடித்தவர். பெயர் சொன்னால் வெட்கப்படுவார், ஆகையாற் சொல்லவில்லை. ஐயா, எமது கொப்பியிலே ஓரடிக்கு இடம் விட்டிருக்கிறோம். அது உங்களுக்கு ஞாபகமிருக்கக்கூடும் என்று பாட்டியார் சொன்னார். நாளை மாலை, வெயில் தாழ்ந்தபின், கொப்பியும் பேனையுமாக உங்கள் வீட்டுக்கு வருகிறோம். வரலாமா?